நாலு மணிக்குள் மூடிவிடுங்கள்

சந்தை மேலாளர் வீட்டுக்குள் வந்தபோது மணி பதினொன்றரை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கூட வந்த இன்ஸ்பெக்டர் கதவோரமாகவே நின்றுகொண்டார்.

"இத காலையில கிழக்கு வாசல் புகார்ப் பெட்டியில எடுத்தோம், சார்," என்று மேலாளர் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

வீட்டுக்காரரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சிறை ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவராக இருந்து, குண்டு வைத்தவர்களோடு முப்பது வருடம் உட்கார்ந்து பேசியவர். வீடு பற்றி எரிந்தாலும் மனிதர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்பது அவருடைய மச்சானின் கணிப்பு. மச்சான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்தவருக்குச் சும்மா இருப்பது என்றால் முள்மேல் இருப்பதுதான். அத்தானிடம் போலீஸ் ஏதாவது வழக்கைக் கொண்டுவந்தால் இவருக்குச் சோறு இறங்காது.

கண்டக்டர் எட்டிப் படித்தார். "வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்" என்று தொடங்கி, 'ஐந்து' மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. நடுவே ஒரே கோடு, மேலே 'நாலு', பக்கத்தில் கடுகளவு ஒரு சுழிப்பு. பிறகு: "கிழக்கு வாசலை மூடிவிடுங்கள். குண்டு வெடிக்கும். ஜனங்களை உள்ளே விடாதீர்கள். தயவுசெய்து."

அன்று வெள்ளிக்கிழமை.

"இந்த மாசத்துலயே ரெண்டு தடவை ஃபோன் வந்துச்சு. ரெண்டும் புரளி," என்றார் மேலாளர். "மூடினதுக்குக் கடைக்காரங்க அழுகின தக்காளியால அடிச்சாங்க. இன்னொரு தடவை மூடினா வீட்டுக்குப் போயிடுன்னுட்டார் முதலாளி. மூடினா என் வேலை போகும். மூடலேன்னா எத்தனை உயிர் போகுமோ!"

"அந்தச் சுழிப்பு ஏதோ இயக்கத்தோட சின்னம்னு நினைக்கிறோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "தனி நாடு கேக்கிறவங்க, மதத்துக்காகக் கிளம்பினவங்க, புரட்சிக்காரங்க, எல்லாக் கோப்பையும் புரட்டியாச்சு. எதுலயும் இல்ல."

நிதானம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டருக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கித் தானே துடைத்துக் கொடுக்கலாமா என்று இருந்தது.

"மண்ணு கேக்கிறவன் முதல் வரியிலயே இயக்கத்துப் பேர எழுதுவான்," என்றார் நிதானம். "மதத்துக்காகக் கிளம்பினவன் சந்தை மேலாளருக்கா எழுதுவான்? அவன் பேச்செல்லாம் மேல இருக்கிறவரோட. புரட்சிக்காரன் பத்துப் பக்கத்துக்குப் பாடம் நடத்துவான். தனியாளா கிளம்புறவன், தனக்கு யார் யார் துரோகம் பண்ணாங்கன்னு ஒரு பட்டியலே போடுவான். காரணம் ஆளுக்கு ஆள் வேற. ஆனா எல்லாருக்கும் கூட்டம் வேணும். பார்த்து நடுங்க ஆள் வேணும். இந்தக் கடிதம் கூட்டத்தப் போகச் சொல்லுதே!"

"அப்போ இதுவும் புரளியா, அத்தான்?"

"புரளி கிளப்புறவன் எதுக்குத் தயவுசெய்துன்னு கெஞ்சணும்? இது பயமுறுத்த எழுதினது இல்ல, மச்சான். பயந்துபோய் எழுதினது. வைக்கப் போறவன் யாருன்னு எழுதினவங்களுக்குத் தெரியும்." அவர் மேலாளரைப் பார்த்தார். "குண்டு நிஜம். மூடுங்க."

மேலாளர் எழுந்தார். "போனா போகட்டும் வேலை," என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே ஃபோன் போட்டார். கிழக்கு வாசலை உடனே மூடச் சொன்னார். கண்டக்டருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மூடினா மட்டும் போதாது," என்றார் நிதானம். "பூட்டின வாசலப் பார்த்தா, பையைத் தூக்கிட்டு வேற கூட்டத்தத் தேடுவான். எழுதினவங்களப் பிடிச்சாத்தான் அவன் கிடைப்பான்."

"தினமும் பத்தாயிரம் பேர் வர்ற இடம்! எங்கன்னு போய்த் தேடுறது?" கண்டக்டர் எழுந்தே விட்டார்.

"தப்பா எழுதிட்டா நீ என்ன பண்ணுவ?"

"என்ன பண்ணுவேன்? கண்ணு தெரியாத மாதிரி கிறுக்கி அடிப்பேன்."

"எல்லாரும் அதான் பண்ணுவாங்க. இங்க பாரு, ஒரே கோடு. அடிச்ச எழுத்தும் படிக்கத் தெரியுது. பக்கத்துல சின்னதா ஒரு சுருக்கொப்பம். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ல நர்ஸுங்க இப்படித்தான் திருத்தணும். கிறுக்கினா, முதல்ல என்ன மருந்து எழுதியிருந்ததுன்னே தெரியாமப் போயிடும். பேரில்லாத கடிதம்னு நினைச்சு எழுதியிருக்காங்க. கை பழக்கதோஷத்துல ஒப்பம் போட்டிருச்சு."

கிழக்கு வாசலுக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரி. ஒவ்வொரு வார்டிலும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் நர்ஸுகளின் மாதிரிச் சுருக்கொப்பங்கள் இருந்தன. இன்ஸ்பெக்டரும் நிதானமும் கண்டக்டரும் வார்டு வார்டாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். மூன்றாம் மாடியில் குழந்தைகள் வார்டுப் பதிவேட்டில் அந்தச் சுழிப்பு கிடைத்தபோது மணி இரண்டே முக்கால்.

நர்ஸுக்கு முப்பது வயதிருக்கும். காகிதத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. மருந்து அறையில் உட்காரவைத்துக் கேட்டார்கள்.

"தம்பி, சார். வேலை போய் ஒரு வருஷம் வீட்ல கிடந்தான். அப்புறம் யாரோ நாலு பேரோட சேர்ந்து வீட்ட விட்டே போயிட்டான். அங்க அவன தளபதின்னு கூப்பிடுறாங்களாம்." அவள் முந்தானையைக் கசக்கினாள். "நாங்க தண்டச்சோறுன்னு கூப்பிட்டோம். நானுந்தான் கூப்பிட்டேன்."

"இந்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டியூட்டி முடிஞ்சு அந்த வாசல் வழியாத்தான் பஸ்ஸுக்குப் போவேன். மூணு நாளுக்கு முன்னால ஃபோன் பண்ணினான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கிழக்கு வாசல் பக்கம் வராத, குண்டு வெடிக்கும்னு சொல்லிட்டு வச்சுட்டான். போலீஸ்ல சொன்னா அவன சுட்டுடுவாங்களேன்னு..."

"கையில ஒண்ணுமில்லாம நின்னா ஒரு விரல்கூட அவன் மேல படாதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. நிதானம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கூட்டத்தக் கொல்றது அவனுக்குச் சுலபம்மா, அதுல முகமே கிடையாது. நீங்க வராம இருக்கணும்னா ஏதாவது ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாமே? எதுக்கு நாள், மணி, வாசல், குண்டுன்னு எல்லாத்தையும் சொன்னான்? பாதி மனசு அவங்களோட போகுது. பாதி மனசு உங்களத் தேடுது. கூப்பிடுங்க. கொள்கை பேசாதீங்க, திட்டாதீங்க. எங்க இருக்கேன்னு மட்டும் கேளுங்க."

மணி மூன்று பத்து. அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள்; ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. கண்டக்டர் நான்கடி அறைக்குள் எட்டு நடை நடந்தார். நிதானம்கூட ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அதைப் பார்த்ததும்தான் கண்டக்டருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இரண்டாவது தடவை தம்பி எடுத்தான்.

"எங்கடா இருக்க?" என்றாள்.

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பழைய கிடங்குக்கு எதிர்ல. பஸ் நிறுத்தத்துல."

"கூட யாரு?"

"யாருமில்ல. விட்டுட்டுப் போயிட்டாங்க. பை மடியில இருக்கு."

இன்ஸ்பெக்டர் படியில் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. நிதானம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்ட, அவள் வாசித்துச் சொன்னாள். "பையை மெதுவா கீழ வை. அங்க இருக்கிறவங்களப் போகச் சொல்லு. நீயும் தூரமா போய்ச் சுவரு ஓரமா நில்லு. போலீஸ் வருது, கையைத் தூக்கிக்கோ. நான் ஃபோன வைக்க மாட்டேன். வச்சுட்டியா? நடக்கிறியா?"

"நடக்கிறேன்."

காலடிச் சத்தம், யாரையோ விலகச் சொல்லும் குரல், தூரத்தில் வண்டிகள். பிறகு அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல வந்தது.

"அக்கா, மூணு நாளா ஃபோனைக் கையிலயே வச்சுக்கிட்டிருக்கேன். ஏன் இவ்வளவு நேரம் என்னக் கூப்பிடல?"