அப்பா நலமாக இருக்கிறார்

காலையில் வாயிற்கதவைத் திறந்தபோது அவளது உள்ளங்கையில் பச்சை வண்ணம் ஒட்டிக்கொண்டது. இரவோடிரவாக யாரோ கம்பிக்கதவு முழுவதற்கும் வண்ணம் பூசியிருந்தார்கள். ஓரங்களில் வழியாமல், கீல்களில் படாமல், அப்பாவுக்கே உரிய நிதானத்தோடு. முந்தைய மாலைதான் தம்பியிடம் சொல்லியிருந்தாள்: "அப்பாவா? கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிறாரு. கூப்பிட்டா எங்க வர்றாரு?"

அப்பா இறந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது.

தம்பி கடல் கடந்த போர்முனையில் கண்ணிவெடி அகற்றுகிறான். கை நடுங்கினால் ஆள் இல்லை. அப்படிப்பட்ட வேலைக்குப் பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டு, 'வீட்டார் நல்ல செய்திகளை மட்டுமே பகிர்க' என்று அறிவுரையும் அனுப்பிய அதிகாரிகளை என்னவென்று சொல்வது! அடக்கத்துக்குக்கூட விடுப்பு இல்லை என்று தெரிந்த அன்றே சித்தப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்: "அவன் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது." அவள் தையற்காரி, பொய்யைத் தைப்பதிலும் கை சுத்தம். வெறுமனே 'நலம்' என்றால் தம்பி நம்பமாட்டான் என்பதால் ஒவ்வொரு ஞாயிறும் சின்ன விவரம் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவந்தாள்.

வண்ணத்தைத் துடைத்துக்கொண்டே, வேலையற்ற எவனோ செய்த குறும்பு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு எச்சரிக்கையாக, "உள்ளே படுத்திருக்காரு, இருமல் இப்ப பரவாயில்லை" என்று மட்டும் சொன்னாள். அன்று விளக்கேற்றும் நேரத்தில், துணி வெட்டிக்கொண்டிருந்த அவளது கத்தரிக்கோலின் ஓசைக்கு அடியில், பூட்டிக் கிடந்த உள்ளறையிலிருந்து, ஈர மண்ணும் பழைய டீசலும் கலந்த வாடையோடு, அரை நூற்றாண்டு பேருந்து ஓட்டிய நெஞ்சின் கரகரத்த இருமல் ஒருமுறை எழுந்து, மற்றவர் தூக்கம் கெடுமே என்று அடக்கிக்கொண்டதைப்போல் பாதியில் நின்றது.

பரவாயில்லாமல்தான் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவள் துணிந்து ஒன்று செய்தாள். "அப்பா இங்க இல்லைடா. சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்காரு."

வீடு அடங்கியது. வாடை போயிற்று. அவள் நிம்மதியாக உறங்கினாள். மூன்றாம் நாள் சித்தப்பா அழைத்தார். எப்போதும் அதட்டுகிற குரல், அன்று சிறுபிள்ளையின் குரலாக இருந்தது.

"நீ அவன்கிட்ட என்னம்மா சொன்ன?"

"ஏன் சித்தப்பா?"

"வாசல்ல நிக்கிறாரு. உள்ளேயும் வரல, போகவும் மாட்டேங்கிறாரு. உன் சித்தி பின்பக்கமா ஓடி அவ தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டா. திரும்பக் கூப்பிட்டுக்க தாயி. இல்லேன்னா அவன்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலை!"

சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தாள். ஞாயிறு மாலை கைப்பேசியைத் தையல் எந்திரத்தின்மேல் சாய்த்து வைத்தாள். திரையில் தம்பி; பின்னால் மங்கிய கூடாரம், மடக்குக் கட்டில்.

"அக்கா, நாளைக்குப் பெரிய பாலம். கீழே பூரா புதைச்சு வச்சிருக்கானுங்க. நான்தான் முதல்ல இறங்கணும்."

நாளைக்கா? நாளைக்கென்றால் இன்று எப்படிச் சொல்வது?

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா போதும். குடு."

"அவரு... வெளியே."

"சித்தப்பா வீட்ல இருந்து வந்துட்டாரா இல்லையா?"

வந்துவிட்டார் என்றால் இங்கே வந்துவிடும். இல்லை என்றால் சித்தப்பாவின் வாசலிலேயே நிற்கும். இரண்டும் வேண்டாம். இரண்டு வீட்டிலும் வேண்டாம். வேறு எங்காவது. எங்காவது.

"உன்னைப் பார்க்கத்தான்டா கிளம்பிட்டாரு."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "இங்கேயா? எந்த பஸ்ஸு வருதுக்கா இங்க? பஸ்ஸைப் பார்த்தா விடமாட்டாரு, அவரே ஓட்டிட்டு வந்துடுவாரு!"

சொன்னது என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இல்லடா. வரல. சும்மா சொன்னேன். அப்பா செத்துட்டாருடா. கேக்குதா? செத்துட்டாரு!"

அவன் உதடுகள் அசைந்தன. ஒலி வரவில்லை. அவள் குரலும் போய்ச் சேரவில்லை. படம் மட்டும் ஓடியது.

கூடாரத்தின் துணிக்கதவு விலகியது.

தம்பி திரும்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. கட்டிலில் சற்று நகர்ந்து உட்கார்ந்தான். இடம் விட்டான்.

அவனருகே கட்டில் மெல்ல அமிழ்ந்தது.

"எழுந்திருடா. வெளியே ஓடு."

அவனது வலக்கை மேலே எழுந்தது. அவன் எழுப்பவில்லை. யாரோ பற்றி எடுத்ததுபோல், வெறும் காற்றில், உள்ளங்கை விரிந்து நின்றது.

முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

அந்தக் கை நடுங்கத் தொடங்கியது.