மாத்த ஆள் வரல

வலது தோள் விண்ணென்று தெறித்தது. மூட்டை தூக்கிய காலத்து வலி அல்ல இது. சைலோ என்கிற தானியக் கோபுரத்தின் ஏணியில் உடம்பை ஒற்றைக் கையால் படிப்படியாக இழுத்து ஏற்றியதில் எலும்புக்கும் சதைக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்ட வலி. மல்லாந்து படுத்தால் கழுத்துக்கு ஏறியது, குப்புறப் படுத்தால் மூச்சை அடைத்தது. பகலில் தூங்குகிறவன் வீடு என்பதால் ஜன்னலில் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் கசிந்த சாயங்கால வெளிச்சம் மேசை மேல் ஓடிக்கொண்டிருந்த பழைய லேப்டாப்பின் தூசியைத் தொட்டுக் காட்டியது.

அந்தத் திரையில் எரியக் கூடாத ஒரு கட்டம் பச்சையாக எரிந்தது.

ஆலையில் அவனைப் பாம்புக்காது என்பார்கள். மக்காச்சோளம் கொட்டி வைக்கும் ஆலை. முன்பெல்லாம் அங்கே பழைய வாக்கி டாக்கிதான். டீக்கடையில் ஒரு ரிசீவரைத் திருகினால் சூப்பர்வைசர் யாரை எப்படி வைகிறார் என்பது ஊருக்கே கேட்கும். அதனால்தான் டிஜிட்டல் செட்டுக்கு மாறினார்கள். சத்தம் தெளிவாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். பாம்புக்காது விடுவானா? கட்டைவிரல் அளவு ரிசீவர் ஒன்றை வாங்கி லேப்டாப்பில் செருகி, ஜன்னலில் ஏரியலாக ஒரு கம்பியைக் கட்டி, இலவச சாஃப்ட்வேரை இறக்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்துவிட்டான். போலீஸ்காரர்களுடையது வேறு முறை, அதில் பூட்டு போட்டிருந்தது. ஆலையுடையது டி.எம்.ஆர். என்கிற சாதாரண டிஜிட்டல் முறை. பூட்டே இல்லை. யார் பேசினாலும் அவருடைய செட் நம்பர் திரையில் வரும், பக்கத்தில் சிக்னலின் பலம் கோடுகளாக நிற்கும். ஒரே அலைவரிசையை நேரத்தால் இரண்டாகக் கூறு போட்டு, இரண்டு பேச்சு மாறி மாறிப் போகலாம். கூறுக்கு ஸ்லாட் என்று பெயர். ஆலை முதல் ஸ்லாட்டில்தான் பேசும்.

எரிந்தது இரண்டாவது ஸ்லாட். நம்பர் பதினேழு. ஒரே ஒரு கோடு.

ஸ்பீக்கரில் வார்த்தை இல்லை. வறண்ட, நீளமான ஒரு முனகல். தகரத்துக்குள் இருந்து வருவது போல.

சத்தம் என்னவென்று தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டான். டிஜிட்டல் செட்டுக்குத் தெரிந்தது மனிதக் குரல் ஒன்றுதான். கன்வேயர் ஓடும் சத்தத்தைக் கொடுத்தாலும், சோளம் சரியும் சத்தத்தைக் கொடுத்தாலும், அதைக் குரலாகத்தான் பிசைந்து திருப்பித் தரும். அது சரிதான். ஆனால் பதினேழு, கூட வேலை பார்த்த கட்டையனுடைய நம்பர். கட்டையன் செத்து ஒரு மாதம் ஆகிறது.

"தோள் வலிக்குதா, மனசு வலிக்குதா?" மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "ஒரு மாசமா ரெண்டும் முறை வச்சு வலிக்குது."

"இன்னிக்கு முடியாதுடி."

"இன்னிக்கு மேல ஏறலைன்னா இனிமே வரவே வேணாம்னு சொல்லிட்டாங்க. தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சு நான் எத்தனை நாளைக்கு இழுக்கிறது? அந்தப் பொட்டிக்குள்ளருந்து சம்பளமா வருது?"

"கட்டையன் செட்டு பேசுது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவன் உங்க டூட்டியைப் பார்க்கப் போய்த்தான் செத்தான். ஊருக்கே தெரியும். அதுக்காக நான் பட்டினி கிடக்கணுமா?" அடுப்படிக்குப் போய்விட்டாள். தட்டு தரையில் மோதும் சத்தத்தில் மீதிப் பேச்சு இருந்தது.

அவள் சொன்னது பொய் இல்லை. அன்றைக்கும் இதே தோள்தான். தூக்கவே முடியவில்லை. "எனக்காக இன்னிக்கு ராத்திரி நீ ஏறு, உனக்கு ஒரு ராத்திரி நான் ஏறுறேன்" என்றான். கட்டையன் சிரித்தான். "ஏமாத்தினா காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவேன், நல்ல பெரிய காது." சைலோ உச்சியில் சட்டம் ஒன்றுதான். மாற்ற ஆள் மேலே வந்து, செட்டில் "மாத்தியாச்சு" என்று சொல்கிற வரை நிற்கிறவன் இறங்கக் கூடாது. விடிவதற்குள் மேல்சோளம் உள்வாங்கிக் கட்டையனை இழுத்துக்கொண்டது. உடம்பை எடுத்தார்கள். செட் கிடைக்கவில்லை.

யாரும் மாத்தியாச்சு என்று சொல்லவில்லை.

கட்டம் மறுபடி பச்சையானது. இரண்டு கோடு. இந்த முறை முனகல் உடைந்து உடைந்து வந்தது.

"பதினேழு. மேல. மாத்த ஆள் வரல."

கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டான்.

"பதினேழாம் நம்பர் செட்டு இப்ப யார்கிட்ட இருக்கு?"

"உங்க அப்பன்கிட்ட. யோவ், அதை சிஸ்டத்துல இருந்தே தூக்கியாச்சு, தெரியாத மாதிரி கேக்குற."

"ரெண்டாவது ஸ்லாட்டுல வருதே."

"ரெண்டாவதை நாங்க திறக்கவே இல்ல. அது சரி, உனக்கெப்படி ஸ்லாட்டுக் கணக்கெல்லாம் தெரியுது? வீட்ல படுத்துக்கிட்டு ஒட்டுக் கேக்குறியா? மரியாதையா இன்னிக்கு வந்து ஏறு. இல்ல, இதை அப்படியே சூப்பர்வைசர் காதுல போடுறேன். அப்புறம் உனக்குக் காதே இருக்காது."

வைத்துவிட்டான்.

மூன்று கோடு. "பாம்புக்காது. மாத்த ஆள் வரல."

அவன் எழுந்து ஜன்னலில் கட்டியிருந்த ஏரியல் கம்பியைப் பிடுங்கினான். பழைய செட்டாக இருந்தால் ஆள் தூரத்தில் இருப்பதை இரைச்சலை வைத்தே சொல்லிவிடலாம், ஆள் நெருங்க நெருங்க இரைச்சல் குறையும். டிஜிட்டலில் அந்தத் தயவு கிடையாது. கேட்டால் காதோரம் கேட்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. தூரத்தைச் சொல்ல அந்தக் கோடுகளை விட்டால் வழியில்லை. கம்பி கையில் இருந்தது. ரிசீவர் மொட்டையாக நின்றது.

நான்கு கோடு.

அறையில் வாசனை மாறியிருந்தது. ஈரம் பட்டுப் புளித்த சோளத்தின் வாசனை. மூக்கு முடியெல்லாம் மாவு படிவது போன்ற அந்தக் காய்ந்த தூசி. போர்வையின் ஓரத்தில் இருந்த வெளிச்சமும் போய்விட்டது. அடுப்படியில் குழாய் சொட்டுவதும் மனைவி எதையோ அரிவதும் கேட்டன.

அதே சொட்டு லேப்டாப்பிலும் கேட்டது.

அரை நொடி தாமதித்து. குரலாகப் பிசையப்பட்டு. யாரோ நாக்கைச் சொடுக்குவது போல.

திரையைப் பார்த்தான். இப்போது முதல் ஸ்லாட்டும் பச்சை. நம்பர் இருபத்திமூன்று. அது அவனுடைய செட்.

கன்ட்ரோல் ரூமில் ஒரு பட்டனைத் தட்டினால் நம் இடுப்பில் இருக்கும் செட் தானாக மைக்கைத் திறந்துகொள்ளும் என்று கட்டையன்தான் சொல்வான். "வெளிக்குப் போறப்ப கழட்டி வச்சிட்டுப் போடா, அது என்ஜினியர் சாப்பிடுற நேரம்." அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

செட் அலமாரியில், துணிகளுக்கு அடியில் கிடந்தது. எடுத்தான். பேட்டரி இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே கழற்றிவிட்டிருந்தான். ஆனாலும் அதன் தலையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்தது அவன் மட்டும் இல்லை.

"யாரு?" அடுப்படியிலிருந்து மனைவி. வாசல் கதவைத் தட்டும் சத்தம் அவன் காதில் விழவில்லை. பாம்புக்காதில் விழவில்லை.

"யாரு?" லேப்டாப்பில், உடனே. தாமதம் குறைந்திருந்தது.

அவள் செருப்பு வாசல் பக்கம் போனது. தாழ்ப்பாள். லேப்டாப்பிலும் தாழ்ப்பாள், அதே நொடியில்.

பிறகு லேப்டாப் முந்திக்கொண்டது.

"உள்ளதான் இருக்காரு. போங்க." அவளுடைய குரல், தகரத்தில் வார்த்தது போல. முன்னறையில் அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லாதே. சொல்லிவிடாதே.

"உள்ளதான் இருக்காரு," என்றாள் மனைவி. "போங்க."

ஐந்து கோடு. அதற்கு மேல் கோடு இல்லை.

அறைக் கதவை உள்ளே தாழிட்டான். முதுகைக் கொடுத்து நின்றான். தோள் தெறித்தது. கதவுக்கு அந்தப் பக்கம் காலடி இல்லை. மெல்லிய சரசரப்பு மட்டும். சாக்கை அவிழ்த்தது போல.

கதவடியில் முதல் சோள மணி உருண்டு வந்தது. மஞ்சளாக. அப்புறம் ஒரு பிடி. அப்புறம் நிற்கவே இல்லை. பாதம் மூடியது. கணுக்கால். வெதுவெதுப்பாக இருந்தது, வெகுநேரம் யாரோ உள்ளே இருந்தது போல.

காலை இழுத்தான். வரவில்லை. கூப்பிட வாயைத் திறந்தான். தூசி.

லேப்டாப்பில் இரண்டாவது ஸ்லாட். நம்பர் இருபத்திமூன்று. அவனுடைய குரல், அவன் இன்னும் பேசாத குரல், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசியது.

"இருபத்திமூணு. மேல. மாத்தியாச்சு."

முழங்கால்.

அவன் பேசாமல் வாயை இறுக மூடிக்கொண்டான். அவன் வாயால் சொல்கிற வரை அது கணக்கில் சேராது. சோளம் இடுப்புக்கு ஏறியது. அவசரமே இல்லாமல் ஏறியது. செட்டின் சிவப்பு விளக்கு அணையாமல், அவன் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

கட்டையனுக்கு அவன் ஒரு ராத்திரி டூட்டி பாக்கி.