உப்புச் சப்பில்லாத ஒரு நாள்

திறப்பு நாளன்று நவமணி ரசத்துக்குப் பெருங்காயம்கூடப் போடமாட்டாள். பூ வைக்கமாட்டாள். வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்காது. நான்கு வயது மகள் தென்றலை, விடிவதற்குள் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். குழந்தையின் செருப்பு, கலர் பென்சில், கிளிப்பு எல்லாம் பீரோவுக்குள் போய்விடும். புருஷன் சென்னியப்பன் கண் விழிக்கும்போது அந்தக் காங்கேயத்து வீடு, துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்துபோன வீடுபோலக் கிடக்கும்.

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. எல்லாம் அவன் உயிருக்காகத்தான்.

சென்னியப்பனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. பகலில் எட்டிப் பார்க்காது, தூக்கத்தில்தான் வரும். வலிப்பு வந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுபடி வலிப்பு வரும். தூங்கவும் பயம், தூங்காமலிருக்கவும் பயம். இப்படிப்பட்டவர்களுக்கென்று வந்ததுதான் துயில்வேலி. நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை, அவ்வளவுதான். ஆழ்ந்த தூக்கத்தில் மூளைக்குள் பெரிய அலைகள் மெல்ல எழும். வலிப்பு அந்த அலையில் ஏறிக்கொண்டுதான் வரும். அலையை எழவிடாமல் தட்டி அமர்த்துவது பட்டையின் வேலை. அதைக் கட்டிக்கொண்டு படுத்தவர் யாரும் தூக்கத்தில் சாகவில்லை. கண்டுபிடித்தவர்களை ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. பகலில் கண்டதையும் கேட்டதையும் மூளை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே அலையில்தானாம். வேலி கட்டிப் படுத்தவன் நேற்றைய நாளைத் தொலைத்துவிட்டு எழுந்தான். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை. ஆனாலும் பட்டையைக் கழற்றி எறிய யாருக்குத் துணிச்சல் வரும்?

மாதத்தில் ஒரு ராத்திரி மட்டும் அதைக் கழற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மூளை களைத்துப்போய்ப் பகலிலும் வலிப்பு வந்துவிடும். அதுதான் திறப்பு நாள். அந்த ஒரு நாள் மட்டும் மனதில் தங்கும். ஆரம்பத்தில் ஜனங்கள் ஆசை ஆசையாகக் கல்யாணம், காதுகுத்து என்று பார்த்துத் திறந்தார்கள். நல்ல நாள் என்றால் அலைச்சலும் ஆட்டமும் நேரங்கெட்ட தூக்கமும் சேர்ந்துதானே வரும்? அடக்கி வைத்த அலை அன்றைக்குக் கரை கொள்ளாமல் எழுந்தது. சிரித்துக்கொண்டு படுத்தவர்களில் பலர் எழவில்லை.

சென்னியப்பன் திறந்தது தென்றலுக்குப் பேர் வைத்த நாளை. வலிப்பு விட்டு விட்டு வந்து, மூச்சு நின்று, உதடு நீலம் பாரித்து, எப்படியோ பிழைத்தான். ஆனால் கல்யாணத்திலிருந்து அவன் சேர்த்து வைத்திருந்த நாட்களையெல்லாம் அந்த வலிப்பு வழித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து திறப்பு நாளை நவமணி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

மற்ற நாட்களில் வீடு வீடாகத்தான் இருந்தது. காலையில் அவள் மகளைக் காட்டி, "ஏனுங்க, இது நம்ம புள்ள," என்பாள். அவன் முகம் அப்படியே பூத்துவிடும். தென்றலைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை போய் வருவான். நவமணி வயிறு வலிக்கச் சிரிப்பாள். ராத்திரி வேலி கட்டியதும் மகளும் சிரிப்பும் அவனை விட்டுப் போய்விடும். படம் பிடித்துக் காட்டினாலும், பார்த்த படம் அந்த நாளோடு போய்விடும். கைக்குப் பழகின வேலை மட்டும் மறக்காது. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்த மாதத் திறப்பை நவமணி இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தாள். இனிமேல் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்று டாக்டர் அம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். அன்று பொழுது சாயும் நேரத்தில் சென்னியப்பன் மோட்டார்க் கடையிலிருந்து வந்தான். ரசஞ்சோற்றைச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து எதிரில் நின்றான்.

"நவமணி, செத்த நேரம் உக்காரு."

"பாத்தரம் கெடக்குதுங்க."

"கெடக்கட்டும் புள்ள."

அவள் உட்கார்ந்தாள். அவன் சொல்லத் தயங்கித் தயங்கித் தரையைப் பார்த்தான்.

"எனக்குள்ள இருக்கற நாளையெல்லாம் இன்னிக்குக் கடையில உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். ஒரு நாள்லகூட நீ சிரிக்கல."

நவமணி அவன் சாப்பிட்ட தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சோறு போடறே. ரெண்டு வார்த்தை பேசறதில்ல. ஒரு குழந்தை குட்டிகூட இல்ல. சீக்காளிக்கு வாக்கப்பட்டு உன்ற வயசெல்லாம் வீணாப் போச்சு. உன்னையக் குத்தம் சொல்லல. எங்க போனா நல்லா இருப்பியோ அங்க போயிரு. நான் சந்தோசமா அனுப்பி வெக்கறேன்."

குழந்தை இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கண் பீரோவுக்குப் போனது. ஒரு குரல் கொடுத்தால் அக்கா தென்றலைக் கூட்டிக்கொண்டு ஓடிவருவாள். 'உங்களைத் தவிர எனக்கு யாருங்க இருக்கறாங்க?' என்று அவன் மார்பில் விழுந்து கதற வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தாள். நீலம் பாரித்த அந்த உதடுகள் கண் முன்னால் வந்து நின்றன. சொன்னால் சிரிப்பான், அழுவான், விடிய விடிய மகளை மடியில் வைத்துக்கொண்டிருப்பான். இன்றைக்கு வேலியும் கிடையாது.

நாளைக்குச் சொல்லலாம். ஆனால் நாளை வேலி கட்டுகிற நாள். சொன்னதெல்லாம் மறுநாள் பொழுது விடிவதற்குள் கரைந்துவிடும், இன்றைக்குச் சொல்வதுதான் நிற்கும். அழுதால் பதறுவான், மறுத்தால் கெஞ்சுவான். அவனைப் பதறவைக்காத பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"சரிங்க," என்றாள்.

அவன் நீளமாக மூச்சு விட்டான். "கோவமா?"

"இல்லீங்க. நேரத்தோட படுங்க."

காலையில் டாக்டர் அம்மா சுவர்த்திரையில் வந்தார். ராத்திரி பதிவான அலைக்கோட்டைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரே பூரிப்பு.

"இத்தன வருஷத்துல இவ்வளவு நிம்மதியா இவர் தூங்கி நான் பாத்ததே இல்லம்மா. மனசுல இருந்த பாரம் எறங்கின மாதிரி தூங்கியிருக்காரு. நேத்து என்ன செஞ்சீங்களோ, அதையே ஒவ்வொரு திறப்பு நாளும் செய்யுங்க."

நவமணி தலையை ஆட்டினாள்.

உள்ளறையில் சென்னியப்பன் பரணிலிருந்து அவளுடைய பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தான். "நேத்து நீ சரின்னு சொன்னது அப்படியே ஞாபகம் இருக்குது புள்ள," என்றான் பெருமையாக.