நா.நீ.

லிஃப்டில் ஏறியதும் தில்லைநாயகி எதிரே நின்ற ரெஜினாவை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தை அல்ல, முகத்துக்கு மேலே மிதந்த பட்டியலை. அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியோடு சேர்ந்து வந்த வசதி அது. பெயர் கூட்டறி. யாரைப் பார்த்தாலும் அவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடும். ஒன்பதாம் மாடிக்காரர் இளைக்கும் குழுவிலும் இருக்கிறார், பரோட்டாக் குழுவிலும் இருக்கிறார் என்பதை ஊருக்குச் சொன்னவள் நாயகிதான்.

அன்று காலை கூட்டறி புதுப்பிக்கப்பட்டிருந்தது. இனி குழுவுக்குள் ஒளிந்திருக்கும் குழுவையும் விரித்துக் காட்டுமாம். ரெஜினாவின் பட்டியலில் குடியிருப்போர் சங்கக் குழுவுக்குள் ஒன்று விரிந்தது: நா.நீ.

"நா.நீ.ன்னா என்ன ரெஜினா?"

"அது... நடைப்பயிற்சிக்கா." ரெஜினா நான்கு மாடி முன்னாலேயே இறங்கிக்கொண்டாள்.

வாசல் காவலர் தலைக்கு மேலும் நா.நீ. சக்கர நாற்காலியில் போன தொண்ணூறு வயதுக்காரர் தலைக்கு மேலும். அவருக்கு என்ன நடைப்பயிற்சி? கட்டடமே சேர்ந்திருக்கிறது, தன்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்தால், காபி ஆற்றிக்கொண்டிருந்த கணவர் கனகசபையின் வழுக்கைக்கு மேலும் அதே இரண்டு எழுத்து.

அவள் சேர விண்ணப்பித்தாள். கூட்டறி பதில் சொன்னது: 'நாயகி நீங்கலாக. உறுப்பினர் 213. தொடங்கியவர் கனகசபை. தங்களுக்குத் தகுதி இல்லை.'

"என்னங்க இது?"

டம்ளர் அந்தரத்தில் நின்றது. "உன் அறுபதாவது பிறந்தநாளுக்கு உனக்குத் தெரியாம ஏற்பாடு பண்ணத்தான்டி ஆரம்பிச்சேன்."

"அது முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சே?"

"யாரும் வெளிய போகல. பேச நல்லா இருக்குன்னாங்க."

"நீங்க?"

அவர் காபியைக் குடித்தார்.

நாயகிக்கு அழுகை வரவில்லை. கோபத்தையும் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. தான் இருக்கும் பதினேழு குழுக்களைத் திறந்தாள். எல்லாவற்றிலும் கடைசியாக யாரோ பேசி நாலு வருஷம். அதற்கப்புறம் அவளுடைய 'காலை வணக்கம்' மட்டும் வரிசையாக நின்றது. வெங்காயம் நறுக்கப் போனாள்.

கனகசபை சும்மா இருக்கவில்லை. 'அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு' என்று அன்றே குழுவில் எழுதிவிட்டார்.

மறுநாள் லிஃப்டில் ரெஜினா தரையைப் பார்த்து நின்றாள். அவள் தலைக்கு மேல் புதிதாக ஒன்று: நா.க.நீ. உறுப்பினர் 212. 'க' யாரென்று நாயகி கேட்கவில்லை.

வீட்டில் கனகசபை கைப்பேசியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடி போடாத பழைய ஆள்.

"நேத்துலேர்ந்து குரூப்புல ஒருத்தரும் வாயே திறக்கலடி. எங்க போயிட்டாங்க எல்லாரும்?"

நாயகி அவர் வழுக்கைக்கு மேலே பார்த்தாள், பழைய நா.நீ. மட்டும்தான் இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி டப்பாவுக்குள் வைத்தாள்.

"நடைப்பயிற்சிக்குப் போயிருப்பாங்க."