பூவாடைக்காரியின் சுவர்

உறுவையாற்றில் புகழ்வேந்தனுக்கு இரண்டாம் தாரமாக வந்த கல்பனாவுக்கு அந்த வீட்டில் எல்லாமே பிடித்திருந்தது, உள்ளறைச் சுவர் ஒன்றைத் தவிர. முதல் மனைவி செல்வகுமாரி பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்தவள். அப்படிப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். சுவரில் வட்டமாக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எந்த விசேஷமானாலும் முதல் புடவை அவளுக்குத்தான்.

புடவை போனால் போகட்டும். செல்வகுமாரியின் மகள் அர்ச்சனா, ஐந்து வயது, போன மாதம்தான் கல்பனாவை ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லுக்குக் கல்பனா எவ்வளவு ஏங்கிக் கிடந்தாள்! ஆனாலும் குழந்தை தினமும் அந்த மஞ்சளிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

புகழ்வேந்தன் கம்பெனி வேலையாக மூன்று நாள் ஓசூர் போனதும், பெயிண்டர் பிரிட்டோவை வரவழைத்தாள். வீடு முழுக்க ஒரே நிறம், பெய்ஜ். பால் தூக்கலான டீயின் நிறம்.

“இன்னாம்மா, பூவாடை மஞ்சளாச்சே இது?” பிரிட்டோ கையை எடுத்துக்கொண்டார். மாதா கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனாலும் ஊர்க்காரர் அல்லவா. “வேற சொவத்துல மஞ்ச வச்சி, இங்க வந்து குந்தும்மான்னு அழைச்சிட்டுதான் தொடுவாங்க. அழைச்சிட்டீங்களா?”

“எல்லாம் ஆச்சுண்ணா. நீங்க சொரண்டுங்க.”

வாய் கூசாமல் சொன்னாள். வழக்கம் தெரியாதவளும் அல்ல. அழைத்தால் அவள் இன்னொரு சுவரில் இருந்துவிடுவாளே!

சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து, மூன்றாம் நாள் காலை பிரிட்டோ கிளம்பினார். வீடு பெரிதானதுபோல் இருந்தது. கல்பனாவுக்குக் கண் நிறைந்தது. நிம்மதியாகச் சோறு வடித்தாள்.

மத்தியான வெயில் ஏறியபோது, கல்லில் மஞ்சள் இழைக்கும் சத்தம் கேட்டது.

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். கல் காய்ந்து கிடந்தது.

சத்தம் இப்போது கூடத்திலிருந்து வந்தது. கூடத்துக்கு ஓடினாள். அடுப்படியில் கேட்டது. பெயிண்ட் நாற்றத்தைத் தூக்கியடித்துக்கொண்டு பச்சை மஞ்சள் வாசம் வீடெங்கும் எழுந்தது.

உள்ளறைச் சுவரில் கை வைத்தாள்.

சில்லென்றிருந்தது. வெறும் சுவர்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஒரு சாண் மஞ்சளுக்குள் அடங்கி இருந்தவளுக்கு இப்போது வீடு முழுவதும் இடம் கிடைத்துவிட்டது.

“அழைச்சி வச்சிட்றேங்க்கா,” என்றாள் காற்றைப் பார்த்து. “இப்பவே வச்சிட்றேன்.”



வாசலில் ஸ்கூல் வேன் நின்றது. அர்ச்சனா உள்ளே வந்து, நிமிர்ந்து பார்த்து, சிரித்தாள். கல்பனாவைப் பார்த்து அல்ல, அவள் தோளுக்குப் பின்னால்.

கல்பனா சோறு பிசைந்து தட்டை முன்னால் வைத்தாள். “வாடி கண்ணு, அம்மா ஊட்டுறேன்.”

“வேணா சித்தி.”

குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்தது. பிறகு மென்று விழுங்கியது. மறுபடியும் திறந்தது.

தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்தது.