தந்தி நாடாவில் முப்பது பெயர்கள்

பிமல்தாவுக்குப் பிக்னிக் என்றால் உயிர். அதற்கு வருகிறவர்கள் பெயரை எழுதுவது என்றால்தான் காய்ச்சல் வந்துவிடும்.

கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பின் சிறுவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வங்காளத்தில் 'தா' என்றால் அண்ணன், 'திதி' என்றால் அக்கா. பிமல்தாவுக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. ஆனாலும் அங்கே இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அண்ணன்தான்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பிள்ளைகளைப் படகில் ஏற்றி ஆற்றின் அக்கரையில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போவார். படகில் அவரைத் தவிர முப்பது பிள்ளைகளுக்குத்தான் இடம். போன வருடம் பெயர்களை அவரே எழுதினார். ஆசை தாங்காத சிலர் இரண்டு தடவை, மூன்று தடவை பெயர் கொடுத்துவிட்டார்கள். இடம் இல்லை என்று பலரைத் திருப்பி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் படகு பாதி காலியாகப் போனது.

இந்த வருடம் அந்த வேலை பூங்கோதையிடம் வந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு படித்தாள். கையெழுத்து அழகாக இருக்கும். அதோடு, யார் சண்டைக்கு வந்தாலும் பயப்பட மாட்டாள்.

"ஒரே பேரு ரெண்டு தடவ வரக் கூடாது, கோதை. புதுசா எழுதுறதுக்கு முன்னாடி, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு தரம் பாத்துடு," என்றார் பிமல்தா.

"சரி பிமல்தா."

பூங்கோதையின் அப்பா சண்முகத்துக்கு ரயில்வே தந்தி ஆபீசில் வேலை. அங்கே மிஞ்சும் காகித நாடா வீட்டில் எப்போதும் கிடக்கும். நாடா விரல் அகலம்தான் இருக்கும். அதில் ஒரு பெயருக்குக் கீழே இன்னொன்று எழுத முடியாது. ஒரு பெயர், ஒரு கோடு, அடுத்த பெயர், ஒரு கோடு என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகத்தான் எழுத வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம், தண்ணீர் பம்ப் மேடையில் அவள் நாடாவோடு உட்கார்ந்தாள். முதல் ஆளாகப் பாப்லு ஓடி வந்தான். பிறகு வரிசை நீண்டது. ஒவ்வொரு பெயருக்கும் அவள் நாடாவை ஆரம்பத்திலிருந்து பிரித்துப் பார்த்தாள். பெயர் இல்லை என்றால்தான் எழுதினாள்.

"என்ன கோதை, தாவணிக்கு அளவு எடுக்குறியா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

"அவசரம்னா நீந்திப் போயிடு," என்றாள் அவள்.

இருட்டும் நேரத்தில் வழக்கம் போல லோட் ஷெடிங் வந்து கரண்ட் போனது. குடியிருப்பு முழுவதும் இருண்டது. பூங்கோதை அரிக்கேன் விளக்கை நாடாவின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சால்வை போர்த்திய யாரோ ஒரு வங்காளிப் பெண்மணி, "தேவாசிஷ்னு ஒரு பேரு போட்டுக்கோம்மா," என்று சொல்லிவிட்டு, மீன் வாங்க விரைந்து போனார். அவள் நாடாவைப் பார்த்தாள். தேவாசிஷ் இல்லை. எழுதிக்கொண்டாள்.

அடுத்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"இராஜமாணிக்கம்."

அவள் நாடாவைப் பார்த்தாள். நடுவில் இராஜமாணிக்கம் இருந்தது. அவன் சிநேகிதன் ஒருவன் வந்து கொடுத்துவிட்டுப் போன பெயர்.

"உன் பேரு இருக்கு. அடுத்தது யாரு?"

"இருக்கா அக்கா?"

"இருக்குன்னு சொல்றேன்ல."

சின்னக் குரல் சந்தோஷமாக ஓடிப் போனது. அவள் விளக்கைத் தூக்கி முகத்தைப் பார்க்கவில்லை. பெயரைப் பார்க்கத்தானே சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் ஒரே ஓர் இடம் மிஞ்சியது. அதில் தன் பெயரை எழுதி, நாடாவைச் சுருட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்துறையில் ஒரே கூச்சல். "ஒருத்தர் ஒரு தடவதான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு, பிமல்தா நாடாவைப் பிரித்துப் பெயர்களைக் கூப்பிட்டார். "ப்ரெசென்ட்" என்று சொன்னவர்கள் படகில் ஏறினார்கள். பாப்லு முதலில் ஏறி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஓர் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தான்.

"இராஜமாணிக்கம்."

"ப்ரெசென்ட்."

"ப்ரெசென்ட்."

ஒரு குரல் தடித்திருந்தது, இன்னொன்று கீச்சென்று வந்தது. தடித்த குரலுக்குச் சொந்தக்காரன், கலியன் மாமாவின் மகன். அவனை எல்லாருக்கும் தெரியும். கீச்சுக் குரலுக்கு வயது ஆறு இருக்கும். முன்பல் இரண்டும் இல்லை. புது ஷூ போட்டு, கழுத்தில் தண்ணீர் பாட்டில் மாட்டியிருந்தான்.

"இவன் யாரு?" என்றார் பிமல்தா.

"எங்க சித்தப்பா பையன். கரக்பூர்ல இருந்து போன வாரம்தான் மாத்தலாகி வந்தாங்க," என்றான் பெரியவன். "எங்க தாத்தா பேரு இராஜமாணிக்கம். எங்க அப்பா எனக்கு வச்சாரு, சித்தப்பா இவனுக்கு வச்சாரு. ஊருல இன்னொருத்தனும் இருக்கான்."

"ஊருல இருக்கறவன் வரலையே?" என்று பிமல்தா கவலையோடு கேட்டார். "இங்க ஒரு பேருதான் இருக்கு. நீ ஏறு. தம்பி கொஞ்சம் தள்ளி நில்லு."

சின்னவனுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பூங்கோதையின் முகத்தை அவன் அடையாளம் வைத்திருந்தான். நேராக அவளிடம் வந்தான்.

"அக்கா, என் பேரு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பூங்கோதைக்கு முகம் சூடாகிவிட்டது. அவ்வளவு கவனமாகப் பார்த்தும் இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. அவனுடைய புது ஷூவைப் பார்த்ததும் வருத்தம் இன்னும் கூடியது.

பிமல்தா மேலே படித்துக்கொண்டே போனார். "தேவாசிஷ்" என்று கூப்பிட்டபோது பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, கடைசிப் பெயருக்கு வந்தார்.

"பூங்கோதை."

"என் இடத்துல இவன் போகட்டும்," என்றாள் பூங்கோதை. "தப்பு என்னுது."

பெரியவன் தம்பியைத் தூக்கிப் படகில் விட்டான். அவள் படியிலேயே நின்றாள். கையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம் இருந்தது. அதை இனி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாகத் தின்ன வேண்டும். அழக் கூடாது என்று படகின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவாசிஷ் இடம் காலியாத்தானே இருக்கு? கோதை ஏறட்டுமே," என்றது படகில் ஒரு குரல்.

"அவன் வந்துட்டா? போன வருஷம் ஒரு பையனை விட்டுட்டுப் போயிட்டேன். அவன் அம்மா ஒரு மாசம் என்கூடப் பேசலை. பேரு குடுத்தவன் வராம நான் கிளம்ப மாட்டேன்," என்றார் பிமல்தா.

"தண்ணி இறங்க ஆரம்பிச்சா அக்கரையில முழங்கால் சேத்துலதான் நடக்கணும்," என்றார் படகுக்காரர் ஹாஷிம் சாச்சா. "முப்பதுக்கு மேல ஒரு பூனைக்குட்டியையும் ஏத்த மாட்டேன். சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

எல்லாரும் தெருப் பக்கம் திரும்பி, தேவாசிஷ் வருகிறானா என்று பார்த்தார்கள். யாரும் வரவில்லை. தேவாசிஷ் எந்த வீடு என்றும் யாருக்கும் தெரியவில்லை.

படியில் சும்மா நின்ற பூங்கோதை யோசித்தாள். பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டு பேரை ஒருவன் என்று நினைத்துவிட்டாள். அப்படியானால், பெயர் வேறாக இருந்ததால் ஒருவனையே இரண்டு பேராக எழுதியிருக்கலாமே? அவள் தெருவில் எல்லா வங்காளிப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று பள்ளிக்கூடத்துக்கு. வீட்டுப் பெயர் தெரிந்தவர்களுக்குப் பள்ளிப் பெயர் தெரியாது.

அவள் படகைப் பார்த்து வங்காளத்தில் சத்தமாகக் கேட்டாள்.

"ஸ்கூல்ல மாஸ்டர் தேவாசிஷ்னு கூப்பிட்டா உங்கள்ல யாரு எழுந்து நிப்பீங்க?"

படகு ஒரு பக்கமாக லேசாக ஆடியது. பாப்லு எழுந்து நின்றான். வாய் நிறைய ஆரஞ்சு.

"நான்தான், திதி."

பிமல்தா நாடாவைப் பார்த்தார், பாப்லுவைப் பார்த்தார். "தொண்டை கிழியக் கத்துறேன். ஏன்டா பேசாம இருந்தே?"

"பாப்லுன்னு கூப்பிட்டப்பவே சொல்லிட்டேனே. ஒருத்தர் ரெண்டு தடவ சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ரெண்டாவது தடவ யாரு பேரு குடுத்தது?"

"அம்மாவா இருக்கும். நான் மறந்திருப்பேன்னு நினைச்சிருப்பாங்க."

பூங்கோதை பிமல்தாவிடமிருந்து நாடாவை வாங்கி, தேவாசிஷ் என்ற பெயரை அடித்தாள். பக்கத்தில் 'இராஜமாணிக்கம், பல் இல்லாதவன்' என்று எழுதி, ஒரு கோடு போட்டாள். பிறகு புளிசாதத்தோடு படகில் ஏறினாள். ஹாஷிம் சாச்சா கயிற்றை அவிழ்த்தார். சின்னவன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

"அக்கா, இப்ப என் பேரு இருக்கா?"

"இருக்கு. இந்தத் தடவ உன்னையும் பாத்துட்டேன்."

பூங்காவில் பூரி, உருளைக்கிழங்கு எல்லாம் முடிந்ததும், வெல்லப்பாகில் ஊறிய ரசகுல்லா வந்தது. ஆளுக்கு ஒன்று. யாரும் இரண்டு தடவை வாங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் பூங்கோதையிடமே வந்தது. பெரிய இராஜமாணிக்கம் ஒன்று வாங்கினான். சின்ன இராஜமாணிக்கம் ஒன்று வாங்கினான். பாப்லுவும் ஒன்று வாங்கிக்கொண்டு ஆலமரத்துக்குப் பின்னால் போனான்.

கொஞ்ச நேரத்தில் வரிசையின் கடைசியில் மறுபடியும் வந்து நின்றான். சட்டையை மாற்றிப் போட்டிருந்தான். தலையைப் படிய வாரியிருந்தான்.

"பேரு?" என்றாள் பூங்கோதை.

"தேவாசிஷ்."

அவள் நாடாவைப் பிரிக்கவே இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

"பாப்லு வாயில இருக்கற பாகைத் துடைச்சுட்டு வா, தேவாசிஷ்."