ரெண்டுக்கு அப்புறம் நாலு

வேறு டெப்போவிலிருந்து மாற்றலாகி வந்த அந்தக் கண்டக்டர் பெண்ணுக்கு, ஆற்றங்கரைச் சாலையில் அது முதல் வாரம். கடலோர முகத்துவாரத்தில் கிளம்பி ஆற்றோடு உள்ளே போகும் பஸ். பாலங்களின் பலகையில் எழுதியிருந்த நீளப் பெயர்கள் ஊர்க்காரர்கள் வாயில் நுழைவதில்லை. கடலிலிருந்து எண்ணி ஒண்ணாம் பாலம், ரெண்டாம் பாலம் என்பார்கள். அதைத் தாண்டினால் நாலாம் பாலம்.

"நடுவுல ஒண்ணை முழுங்கிட்டீங்களே அண்ணே!" என்று முதல் நாளே சிரித்தாள்.

டிரைவர் சிரிக்கவில்லை. "ரெண்டுக்கு அப்புறம் நாலு. அப்படியே கூப்பிடும்மா."

இடையில் ஆற்றுக்குள் மொட்டைத் தூண்கள் மட்டும் நின்றன. பல வருஷத்துக்கு முன்னால், பஸ் ஒன்று மேலே போகும்போதே பாலம் முறிந்ததாம். அதில் கண்டக்டராகப் போனவன் இந்த டிரைவருடைய தம்பி என்று டெப்போவில் யாரோ காதோடு சொன்னார்கள். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கடல் ஏறியதில் ஆறு சாலைக்குச் சமமாகத் தளும்பியது. பஸ்ஸில் கொஞ்சம் பேர்தான். காலையிலிருந்து நின்று அவளுக்குக் கால் கடுத்தது. நினைப்பெல்லாம் வீட்டில் இருக்க, வாய் தன் பாட்டுக்குக் கூவிவிட்டது.

"மூணாம் பாலம் இறங்கறவங்கல்லாம் வாங்க!"

பஸ்ஸுக்குள் பேச்சு அறுந்தது.

டிரைவரின் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. பின்கதவு திறந்துகொண்டது.

யாரும் இறங்கவில்லை.

பின்படி அழுந்தியது. யாரோ காலூன்றியதுபோல் பஸ் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

சேற்று வாடை வந்தது. ஊறிப்போன துணியின் வாடையும். பின்சீட்டில் இருந்தவர் பையை அங்கேயே போட்டுவிட்டு முன்னால் ஓடிவந்தார். கண்ணாடி போட்ட ஓர் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"டிக்கெட் கேட்டுடாதே கண்ணு. திரும்பிப் பாக்காதே."

அப்போது பின்னாலிருந்து ஓர் இளவட்டக் குரல், வேலை நேரத்துச் சுறுசுறுப்போடு:

"ரைட்! போலாம்ண்ணே!"

டிரைவரின் தோள் குலுங்கியது. கியர் விழுந்தது.

"லெஃப்ட்ல ஒடிங்கண்ணே. பாலத்துல ஏறிடலாம்."

ஸ்டியரிங் இடப்பக்கம் சுழன்றது. விளக்கு வெளிச்சத்தில் பழைய பாலத்துச் சாலை கொஞ்சதூரம் தெரிந்தது. அதற்கப்புறம் தண்ணீர்தான்.

அவள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். "அண்ணே, வேண்டாம்! நான்தான் வாய் தவறிக் கூப்பிட்டுட்டேன்!"

"எவ்வளவு காலமா காக்க வச்சுட்டேன் அவனை," என்று டிரைவர் முணுமுணுத்தார். கன்னமெல்லாம் கண்ணீர்.

என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பற்றி இழுத்தபடி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"நாலாம் பாலம்! நாலாம் பாலம்!"

கண்ணாடிக்கார அம்மாவும் கத்தினார். பிறகு எல்லாரும் கத்தினார்கள்.

டிரைவர் திடுக்கிட்டு விழித்தவர்போல் பிரேக்கை மிதித்தார். பஸ் கிறீச்சிட்டு, முறிந்த விளிம்பில் மூக்கை நீட்டியபடி நின்றது.

முன்கதவு வழியாக ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இறங்கினார்கள். டிரைவரைக் கைத்தாங்கலாக இறக்கியதும் அவளே. மழையில் நின்றுகொண்டு அவர் சொன்னதையே சொன்னார்.

"குளிர்ல நடுங்கறான்மா... அவன் குரல்தான், கேட்டியா?"

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி சீட்டுகள். இரண்டு கதவுகளையும் சாத்தினாள்.

வெகுநேரம் கழித்து டெப்போவிலிருந்து இழுவை வண்டி வந்தது. மெக்கானிக் டார்ச்சோடு பஸ்ஸுக்கு அடியில் புகுந்தார். சங்கிலி மாட்டும் சத்தம் நின்றது.

"என்னம்மா விளையாடறீங்களா?" என்று அடியிலிருந்து எரிச்சலாகக் கேட்டார். "ஸ்பிரிங் பட்டையெல்லாம் அமுங்கி நசுங்கிக் கிடக்கு. இவ்வளவு கூட்டத்தை ஏத்தி வச்சுக்கிட்டு எப்படி இழுக்கறது? முதல்ல ஆளுங்களை இறக்கி விடுங்க."

யாரும் இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

ஜன்னல் கண்ணாடிகள், பின்சீட்டிலிருந்து ஒவ்வொன்றாக, உள்ளேயிருந்து மூச்சுப் பட்டு மங்கிக்கொண்டு வந்தன.